சனிக்கிழமை வரமாட்டேன்

என் அண்ணன் தனேஷுக்கு விடுப்புக் கொடுக்கும்போது மிஸ்டர் ரமணி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்துக்க தனேஷ். எப்படியும் வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிரும்ல? சனிக்கிழமை மெம்பர்ஸ் டே. மறந்துறாதே."

மிஸ்டர் ரமணி அம்பாங்கில் இருக்கும் ஒரு கிளப்பின் மேலாளர். அண்ணன் அங்கே ஸ்குவாஷ் பயிற்சியாளன். புக்கிட் ஜாலிலில் ஆண்களுக்கான உலகத் தரவரிசைப் போட்டி நடக்க இருந்தது. அதன் தகுதிச் சுற்றுக்கு அண்ணன் பெயர் கொடுத்திருந்தான். வியாழக்கிழமை ஓர் ஆட்டம், வெள்ளிக்கிழமை ஓர் ஆட்டம். இரண்டிலும் வென்றால் சனிக்கிழமை தொடங்கும் பெரிய சுற்றில் இடம் உண்டு. இதெல்லாம் மிஸ்டர் ரமணிக்குத் தெரியும். தெரிந்துதான் விடுப்பை வெள்ளிக்கிழமையோடு நிறுத்தினார்.

அவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோல் சொன்னார். அண்ணனைச் சுட்டது அதுதான்.

"சனிக்கிழமை வரமாட்டேன் சார்" என்றிருக்கிறான் அண்ணன்.

"அப்ப நான் வேற கோச்சப் பாத்துக்கிறேன் லா" என்றாராம் அவர், இன்னும் சிரித்துக்கொண்டே.

அன்று மாலை கிள்ளானில் எங்கள் வீட்டில் அண்ணன் இதைச் சொன்னபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா பெயர் மாரியாயி. தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்.

"அவரு சிரிச்சாரு, நீயும் சிரிச்சிட்டு வரவேண்டியதுதானே. எதுக்கு வாயக் கொடுத்த?"

"சிரிச்சா சரின்னு அர்த்தம்மா."

நான் உடனே கைப்பேசியை எடுத்தேன். "அண்ணே, நான் ஒரு மெசேஜ் எழுதித் தரேன். ஒருவேளை தகுதி பெற்றால் கூடுதல் விடுப்புத் தந்து உதவ முடியுமான்னு, பணிவா, இங்கிலீஷ்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். தங்கை என்னை அவன் ரோ என்றுதான் கூப்பிடுவான். "நீ எழுதுனா நல்லாத்தான் இருக்கும் ரோ. ஆனா அது நான் பேசுற மாதிரி இருக்காது."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அங்கே என்ன கற்றாய் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பணிவான வாக்கியங்கள்தான். மூன்று ஆண்டு பொருளாதாரம் படித்துவிட்டு, ஒப்பந்த வேலையில் உட்கார்ந்து, என் விண்ணப்பங்களை மறுக்கிறவர்களுக்கும் நன்றி எழுதுகிறேன். அண்ணன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு மேல் படிக்கவில்லை. அதனால் அவனுக்குத் துணிச்சல் வந்தது என்று சொல்ல மாட்டேன். படிக்காத, துணிச்சலும் இல்லாத பலரை எனக்குத் தெரியும். என் பணிவு நாகரிகமா பயமா என்று மட்டும் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் ஸ்குவாஷுக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. இடைநிலைப் பள்ளியில் மாவட்டப் போட்டிக்கு அணியில் ஓர் ஆள் குறைந்தது. பூப்பந்து அணியில் இடம் கிடைக்காமல் வெளியே நின்றவனை விளையாட்டு ஆசிரியர் பிடித்து உள்ளே தள்ளினார். நான்கு சுவருக்குள் இரண்டு பேர், ஒரு சிறிய கறுப்புப் பந்து. அதை எதிர்ச்சுவரில் அடிக்க வேண்டும். தரையில் இரண்டு தடவை குதிப்பதற்குள் மற்றவன் எடுத்து அடிக்க வேண்டும். முதல் நாளே தலையில் மூன்று இடத்தில் புடைத்துக்கொண்டு வந்தான். அப்பா லோரி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. "செவுத்தோட என்னடா சண்ட?" என்று கேட்டார். மறுநாளும் அண்ணன் போனான்.

பதினேழு வயதில் மாநிலப் பயிற்சியிலிருந்து அவனைக் கழற்றிவிட்டார்கள். உயரம் போதவில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் அவன் நிறுத்தவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு விளையாட்டுக் கடையின் மாடியில் மட்டைகளுக்கு நரம்பு கட்டினான். பிறகு அம்பாங் கிளப். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் மட்டைப் பையை மடியில் நிறுத்திக்கொண்டு தினமும் போய் வந்தான். சொந்தக் காசில் ஜகார்த்தா, கொழும்பு என்று சின்னச் சின்னப் போட்டிகளுக்குப் போவான். முதல் சுற்றில், இரண்டாம் சுற்றில் தோற்று வருவான். இப்போது அவனுக்கு முப்பத்தொன்று. உலகத் தரவரிசையில் இருநூறுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறான்.

ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் பலருக்கு அவன் முகம் தெரியும். அவர்கள் கோலாலம்பூருக்குப் போட்டிக்கு வரும்போது பயிற்சிக்கு எதிரில் நிற்க ஓர் ஆள் வேண்டும். கிளப் அண்ணனை அனுப்பும். அவர்கள் கேட்கிற மூலைக்குப் பந்தை அடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆனாலும். அவர்களைத் தோற்கடிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. தோற்கடித்தால் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். அப்படிப் பல வருடம் நின்றதில் அவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அது எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் புரிந்தது.

வியாழக்கிழமை ஆட்டத்தைச் சுலபமாகவே வென்றான். ஹாங்காங்கிலிருந்து வந்த பையனுக்குக் கணுக்கால் வலி. வெள்ளிக்கிழமை எதிரே நின்றவன் ஸ்காட்லாந்துக்காரன், நெடுநெடுவென்று, அண்ணனைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா அன்று தொழிற்சாலைக்கு மட்டம் போட்டுவிட்டு என்னோடு வந்தார். அண்ணன் ஆடுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். மொத்தக் கூட்டமே முப்பது பேர் இருந்தால் அதிகம்.

ஐந்தில் மூன்று கேம் எடுப்பவனுக்கு வெற்றி. முதல் இரண்டு கேம்களும் போயின. அண்ணன் மோசமாக ஆடவில்லை. ஆனால் அந்த நெட்டையன் பந்தை அடித்துவிட்டு விலகாமல் நடுவிலேயே நின்றான். அண்ணன் அவனைச் சுற்றி ஓடினான். சுற்றி ஓடிப் பந்தை எட்டும்போது நேரம் கடந்துவிடும். பந்து எதிர்ச்சுவரின் அடியில் இருக்கிற தகரத்தில் பட்டுச் சத்தம் போடும், புள்ளி போகும். ஒரு தடவை நெட்டையனின் முதுகில் மோதிவிட்டு அண்ணனே "சாரி" வேறு சொன்னான்.

"தள்ளி நிக்கமாட்டானா அந்தப் பையன்?" என்று அம்மா என் காதில் கேட்டார்.

"நிக்கணும்மா. அடிச்சதும் விலகி வழி குடுக்கணும், அதான் ரூல். குடுக்கலேன்னா அண்ணன் ஆட்டத்த நிறுத்திட்டு 'லெட், ப்ளீஸ்'னு கேக்கலாம். நடுவர் பாத்துச் சொல்லுவாரு. 'யெஸ் லெட்'னா மறுபடி ஆடணும். 'நோ லெட்'னா கேட்டவனுக்கு அந்தப் பாய்ன்ட் நஷ்டம்."

"லெட்டுன்னா என்ன?"

நான் யோசிக்காமல் சொன்னேன். "விடுன்னு அர்த்தம்மா."

அது தப்பு. இந்த ஆட்டத்தில் வரும் லெட்டுக்குத் தடை என்றுதான் பொருள், அது வேறொரு பழைய சொல் என்று பிறகு அகராதியில் பார்த்தேன். ஆங்கிலம் படித்த நான் அம்மாவுக்குச் சொன்னது பள்ளிக்கூட அர்த்தம்.

அம்மா முகம் சுருங்கியது. "விடுங்க ப்ளீஸ்னு கெஞ்சணுமா?"

இரண்டாவது கேம் முடிந்து அண்ணன் வெளியே வந்தான். நான் தண்ணீரையும் துண்டையும் நீட்டினேன்.

"அண்ணே, ஏன் லெட் கேக்கமாட்டேங்கிற? பாதிப் பந்து அவன் மறிச்சதுதான்."

"பழகிப் போச்சு ரோ." மூச்சு வாங்கியது. "ப்ராக்டிஸ்ல நம்மள காசு குடுத்துக் கூப்பிடுறவன் வழில நின்னா, நாமதானே சுத்திப் போவோம். வாயே வரமாட்டேங்குது. அதுலயும் அந்த ப்ளீஸ். நாள் பூரா கிளப்புல அதத்தான் சொல்றேன்."

அம்மா குறுக்கே வந்தார். "நீ எதுக்குடா அவன்கிட்ட கெஞ்சணும்? மறிச்சுக்கிட்டு நிக்கிறது அவன். வழிய விடுன்னு சொல்லு."

அண்ணன் துண்டை முகத்திலிருந்து எடுத்தான். "என்னம்மா?"

"இவதானே சொன்னா, லெட்டுன்னா விடுன்னு. அப்ப வழிய விடுன்னு சொல்லேன். பஸ்ஸுல சொல்லமாட்ட?"

அண்ணன் சிரித்துவிட்டான். தொழிற்சாலைப் பேருந்தில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் அம்மா சொல்லும் தொனி அது. அதில் கெஞ்சல் இல்லை, சண்டையும் இல்லை. இறங்க வேண்டும், நகரு, அவ்வளவுதான். நடுவர் கூப்பிட, சிரிப்பு அடங்காமலேயே உள்ளே போனான்.

மூன்றாவது கேமின் இரண்டாவது பந்தில் நெட்டையன் மறுபடி நடுவில் நின்றான். அண்ணன் சுற்றி ஓடவில்லை. நின்று, மட்டையை உயர்த்தி, "லெட்" என்றான். ப்ளீஸ் இல்லை. நடுவர் அவனை ஒரு கணம் பார்த்தார். "யெஸ் லெட்."

பக்கத்தில் அம்மா, "ம்" என்றார், கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல்.

அதற்குப் பிறகு அண்ணன் தயங்கவே இல்லை. மறித்த இடத்திலெல்லாம் கேட்டான். சில தடவை நடுவர் கொடுத்தார், சில தடவை மறுத்தார். மறுத்தபோதும் அடுத்த பந்துக்கு அதே முகத்தோடு வந்தான். நெட்டையனுக்கு எரிச்சல் வந்தது. கையை விரித்து நடுவரிடம் முறையிட்டான். ஒரு தடவை அண்ணன் அடிக்க மட்டையை ஓங்கியபோது நேர் எதிரே அவன் நின்றான். அண்ணன் ஓங்கிய கையை நிறுத்திக்கொண்டான். நடுவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "ஸ்ட்ரோக் டு தனேஷ்."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "தனேசுக்கா? ஸ்ட்ரோக்கா?"

எங்கள் அப்பா போனது ஸ்ட்ரோக்கில். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.

"அது இல்லம்மா. பாய்ன்ட். அண்ணனுக்கு ஒரு பாய்ன்ட் குடுக்குறாங்க."

"பேரு வைக்கிறானுங்க பாரு" என்று அம்மா கையை எடுத்தார். ஆனால் அதன் பிறகு நடுவர் வாய் திறக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பினார்.

மூன்றாவது கேம் அண்ணனுக்கு. நான்காவதும். ஐந்தாவது கேமில் இருவர் சட்டையும் பிழியலாம் போல் நனைந்திருந்தன. பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் வந்து நின்றார்கள். அம்மா ஒரு தடவை எழுந்து, "வழிய விடச் சொல்லுடா" என்று கத்திவிட்டார். "குவாயட் ப்ளீஸ்" என்றார் நடுவர். எங்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு தமிழ்ப் பையன்கள் குனிந்து சிரித்தார்கள்.

பத்துக்கு ஒன்பது என்று நெட்டையன் முன்னால் இருந்தான். பதினொன்று எடுத்தால் கேம் அவனுக்கு. அடுத்த புள்ளிக்கு இருவரும் விடாமல் அடித்தார்கள். பந்து பின்மூலைக்குப் போனது, அண்ணன் திரும்பினான், நெட்டையனின் தோள் குறுக்கே இருந்தது. அண்ணன் நின்று, மட்டையை உயர்த்தி, லெட் கேட்டான்.

நடுவர் யோசித்தார். "நோ லெட்."

அத்தோடு முடிந்தது. அண்ணன் போய் நெட்டையனிடம் கை கொடுத்தான், நடுவரைப் பார்த்துத் தலையசைத்தான், வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "கடைசிப் பந்து, கேக்காம ஓடியிருந்தா எட்டியிருக்குமா?"

"எட்டியிருக்கலாம். எட்டாமயும் போயிருக்கலாம்."

"அப்ப..."

"கேட்டது சரிதான் ரோ. அவரு குடுக்கல. அது வேற."

அவன் கைப்பேசி ஒளிர்ந்தது. மிஸ்டர் ரமணி இணையத்தில் முடிவைப் பார்த்திருக்கிறார். 'ஹார்ட் லக். நல்லா ஆடியிருக்கே. நாளைக்கு ஒன்பது மணி.' கூடவே ஒரு கைகூப்பும் படம்.

அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார், "சரி, போய்ட்டு வந்துரு. தோத்தாச்சுல்ல. இனி என்ன ரோஷம்?"

"வரமாட்டேன்னு சொன்னேன்மா. ஜெயிச்சா வரமாட்டேன்னு சொல்லல."

"அப்ப நாளைக்கு எங்க போவ?"

"இங்கதான்."

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பெரிய சுற்றில் இருப்பவர்களில் யாராவது காயம், காய்ச்சல் என்று விலகினால் அந்த இடத்தில் இவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஆடத் தயாராக அரங்கத்திலேயே காத்திருக்க வேண்டும். லக்கி லூசர் என்று பெயர். அண்ணன் போட்டி அலுவலக மேசைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். தோற்ற மற்ற மூவர் அன்றே விமானத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"லூசர்லயே லக்கியா? பேரே நல்லால்ல" என்றார் அம்மா.

சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போனார். நான் அண்ணனோடு போனேன். அவன் சீருடை போட்டு, காலணி கட்டி, ஆள் இல்லாத பின்பக்கக் கோர்ட்டில் தனியாக அடித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டான். ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும்போது இரண்டு இடங்கள் நிரம்பின; அவனுக்கான வாய்ப்பு அவ்வளவு குறைந்தது. அவன் மேசைக்குப் போய்ப் போய் விசாரிக்கவில்லை. அது தெரியும் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

பத்து மணிக்கு மேல் மிஸ்டர் ரமணி கூப்பிட்டார். அண்ணன் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மட்டைப் பிடியில் புதுப் பட்டையைச் சுற்றிக்கொண்டே பேசினான்.

"எங்க இருக்கே?"

"புக்கிட் ஜாலில் சார்."

"நேத்துதான் தோத்துட்டியே."

"ஆமா சார்."

"அப்புறம் அங்க என்ன பண்றே?"

"காத்திருக்கேன் சார். யாராவது வெளியானா எனக்கு இடம்."

"யாருடா வெளியாவான், ஃபைனலுக்கே வந்தவன் மாதிரி எல்லாரும் நிப்பானுங்க. இங்க பாரு, மெம்பர்ஸ் பிள்ளைங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறாங்க. ஒரு கிரேப் டாக்சி பிடிச்சு வந்துரு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். நம்மாளுன்னுதான் சொல்றேன்."

"வரமாட்டேன் சார்."

எதிர்ப்பக்கம் பிள்ளைகள் கத்துவதும், பந்து சுவரில் படுவதும் கேட்டன.

"நல்லா யோசிச்சுக்க தனேஷ். அப்ப திங்கட்கிழமையும் வரவேணாம்."

"சரி சார்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அண்ணன் பட்டையின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டினான். அவன் சாரி சொல்லவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். நானாக இருந்தால் மூன்று தடவை சொல்லியிருப்பேன். அந்த மூன்றும் யாருக்காக இருந்திருக்கும்?

"பயமா இல்லையாண்ணே?"

"இருக்கு" என்றான். "திங்கட்கிழமைல இருந்து பயப்படலாம். இப்ப மேட்ச் வந்தா ஆடணும்."

மதியத்துக்குப் பிறகு ஓர் எகிப்து ஆட்டக்காரர் எங்களைத் தேடி வந்தார். பட்டியலில் முன்னணியில் இருப்பவர். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அண்ணன் அவருக்குப் பயிற்சிக்கு நின்றிருக்கிறான். அவருடைய ஆட்டம் மாலையில்தான். அண்ணன் தோளில் தட்டி, பின்பக்கக் கோர்ட்டில் அரை மணி நேரம் பந்து போட முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எப்போதும் கொடுப்பதைக் கொடுக்கிறேன் என்றார்.

வேலை போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. என் தொண்டைவரை வந்தது: போண்ணே.

"டுடே கேனாட், பாஸ்" என்றான் அண்ணன். "நானும் இந்தப் போட்டியில இருக்கேன். காலுல தெம்ப மிச்சம் வைக்கணும்." அவன் சொன்னது உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் நின்றுகொண்டு சொன்னான்.

அவர் சுவரில் ஒட்டியிருந்த ஆட்ட அட்டவணையைத் திரும்பிப் பார்த்தார். "இதிலா? உன் பெயர் இருக்கிறதா?"

"நாட் யெட்."

அவர் அண்ணனை ஒரு நிமிடம் பார்த்தார். கேலி இல்லை. கை கொடுத்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்.

யாரும் விலகவில்லை. மாலையில் முதல் சுற்றின் கடைசி இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்குள் போனார்கள். மேசையில் இருந்த பெண் அண்ணனைப் பார்த்து, இனி நீங்கள் போகலாம் என்று கை காட்டினாள். அண்ணன் எழுந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தான்.

அப்போது அம்மா அண்ணனின் கைப்பேசியில் கூப்பிட்டார். தொழிற்சாலைப் பேருந்தின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினார்.

"கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா."

"வேலை?"

"போச்சும்மா."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நேத்து பேரு குடுத்தியே, அந்த லூசரு. அது அடுத்த போட்டிக்கும் செல்லுமா?"

"செல்லாதும்மா. ஒவ்வொரு தடவையும் புதுசா தோக்கணும்."

"ஜெயிச்சாலும் உள்ள போகலாம்ல?"

"போகலாம்."

"அப்ப அதப் பாரு" என்று அம்மா வைத்துவிட்டார்.